கையில் ஒரு சிறு கட்டி

"உடம்பு உளைவு" என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு நாளும் குறைவில்லை. வயலில் சூடடித்தவர், கரைவலை இழுத்தவர், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குந்தியிருந்தவர், எல்லோருக்கும் உளைவுதான். காய்ச்சல் வந்தாலும் உளைவு. 2006ஆம் ஆண்டின் கடைசியில் கிழக்கிலே சிக்குன்குன்யா பரவியபோது வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். ஆகவே கை கால் நோகிறது என்று ஒருவர் சொன்னதும் வைத்தியர் பனடோல் எழுதுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அதுவே போதுமாகவும் இருக்கும்.

அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிற ஒரு சிலரைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன். அவர்களுடைய தசைக்குள்ளே வேறோர் உயிர் குடியேறியிருக்கும். நான் வைத்தியன் அல்லன். முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டியின் முன்னால் இருந்து ஓய்வுபெற்றவன். வைத்தியர் கேட்கிற கேள்விக்கு ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ விடையாக எழுதி அனுப்புவது எங்கள் தொழில். நோயாளியின் முகம் அநேகமாக எங்களுக்குத் தெரியாது. சிறு போத்தலும் அதில் ஒட்டிய இலக்கமுமே தெரியும்.

தசை ஒட்டுண்ணி விடயத்தில் எங்கள் மேசைக்கு முதலில் வந்து சேருகிற தடயம் இயோசினோபில் என்னும் வெண்குழியம். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தால், இரண்டு மடல் கொண்ட கருவும் செம்மஞ்சள் மணிகளுமாக அது மற்றக் குழியங்களுக்கிடையில் தனித்துத் தெரியும். நூறு வெண்குழியங்களை எண்ணினால் சாதாரணமாக ஒன்று தொடக்கம் ஆறு வரை இருக்கும். அது இருபது, முப்பது என்று ஏறினால் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. இழுப்பு நோயிலும் ஏறும், கொக்கிப்புழுவிலும் ஏறும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாதபோதும் ஏறும். தசை சிதையும்போது குருதியில் கூடுகிற சீ.பீ.கே. என்ற நொதியமும் அப்படித்தான். பலமாக அடிபட்டாலும் கூடும். கடைசியில் தசையில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் பார்க்கிற பயொப்சிதான் கண்ணால் கண்ட சாட்சி. வெட்டிய இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சாட்சியும் "இல்லை" என்றே சொல்லும். ஒரு விரற்கடை தள்ளி அது இருந்திருக்கலாம்.

ஆகவே இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் முன்னால் பழைய பரிசோதனையொன்று இருக்கிறது. எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள், யார் சமைத்தார்கள் என்று கேட்பது. இதற்கு மெஷின் வேண்டியதில்லை. நேரம் வேண்டும். கேட்கிறவரிடம் தன் கதையைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை நோயாளிக்கு வேண்டும்.

*

தசைக்குள் புழு இருக்கலாம் என்பதை உலகம் அறிந்தது ஒரு மாணவனின் கண்ணால். 1835இல் லண்டன் சென் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் முதலாம் வருட மருத்துவ மாணவராக இருந்தவர் ஜேம்ஸ் பஜெட். பிரேதத்தை அறுத்துப் படிக்கும் அறையில், தசையெங்கும் வெள்ளைப் பொட்டுகள் சிதறிக் கிடப்பதை அவர் கவனித்தார். அப்படியான பொட்டுகளை முன்பும் ஆட்கள் பார்த்திருந்தார்கள். கத்தியின் கூரை மழுக்குகிற தொந்தரவு என்றதோடு விட்டுவிட்டார்கள். பஜெட் விடவில்லை. நல்ல நுணுக்குக்காட்டியொன்றைத் தேடி பிரித்தானிய நூதனசாலைக்குப் போனார். அங்கே தாவரவியலாளர் ரொபர்ட் பிரவுனின் கருவியில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் ஒரு சிறு புழு சுருண்டு கிடந்தது. அதனை விவரித்துப் பெயரிட்டவர் றிச்சர்ட் ஓவன். இன்று அதனை ட்ரிக்கினெல்லா என்கிறோம்.

ஆனாலும் அது நோயைத் தரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இருபத்தைந்து வருடங்கள் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1860இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் இறந்தாள். பண்ணை வீடொன்றில் வேலைக்காரியாக இருந்தவள். கடுங்காய்ச்சலும் தாங்க முடியாத தசைவலியும். தைபொயிட் என்றே எழுதியிருந்தார்கள். உடலைப் பரிசோதித்த பிரெடரிக் சென்கர் தைபொயிட்டின் அடையாளங்களைக் காணவில்லை. தசை முழுவதும் ஆயிரக்கணக்கான உயிருள்ள குடம்பிகளைக் கண்டார். அவர் அத்தோடு நிறுத்தாமல் அவள் வேலை செய்த வீட்டைத் தேடிப் போய் விசாரித்தார். நத்தாரை ஒட்டி அங்கே பன்றி அறுத்திருந்தார்கள். அந்த இறைச்சியைத் தின்ற மற்றவர்களும் சுகவீனமுற்றிருந்தார்கள். மிச்சமிருந்த இறைச்சியை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது அதிலும் அதே குடம்பிகள் இருந்தன. ஐரோப்பாவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டங்கள் எழுந்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கிய காரணம். மருத்துவ வரலாற்று நூல்கள் சென்கரின் பெயரைச் சொல்கின்றன. அந்தப் பெண்ணை "ஒரு வேலைக்காரி" என்று சொல்லிக் கடந்து போகின்றன.

இறைச்சியோடு சம்பந்தமில்லாத தசை ஒட்டுண்ணிகளும் உண்டு. மலேசியாவின் தியோமன் தீவுக்கு 2011, 2012ஆம் ஆண்டுகளில் விடுமுறைக்குப் போய்த் திரும்பிய ஐரோப்பியர் பலருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் தணிந்து, பிறகு பொல்லாத தசைவலியோடு மீண்டும் வந்தது. முதல் வாரத்தில் இயோசினோபில் சாதாரணமாக இருந்து, பின்னர்தான் ஏறியது. ஒரு நாட்டு வைத்தியரிடம் ஒருவர், இன்னொரு நாட்டில் இன்னொருவர் என்று தனித்தனியாகப் போயிருந்ததால் எல்லாம் தனித்தனிப் புதிராகவே இருந்தது. பயணம் போய் வந்தவர்களின் நோய்களைக் கவனிக்கும் நிலையங்கள் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் தீவின் பெயர் பொதுவாக நின்றது. 68 பேர் அந்த ஆய்வில் கணக்கிடப்பட்டார்கள். பயொப்சியில் சார்கொசிஸ்ரிஸ் என்ற ஒட்டுண்ணியின் உறைகளைக் கண்டது ஆறு பேரில் மட்டுமே. மற்றவர்களின் நோயை நிர்ணயித்தது கதைதான். 2012இல் அதே நாட்டின் பங்கோர் தீவுக்குச் சென்ற ஒரு கல்லூரிக் குழுவின் 92 பேரில் 89 பேருக்கு இதே நோய் வந்தது. அங்கு கண்டறியப்பட்ட இனம் பாம்பின் வயிற்றில் வளர்வதாகக் கருதப்படுகிறது. அதன் எச்சம் கலந்த தண்ணீரையே சந்தேகித்தார்கள். இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தை 1970களில் மலேசிய விலங்குகளில் ஆராய்ந்தவர்களில் நமது நாட்டுப் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் ஒருவர் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

கதையைக் கேட்காமல் விட்டால், அல்லது கேட்டும் பிடிபடாமல் போனால், என்ன நடக்கும் என்பதற்கு ஒஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. தஸ்மேனியாவில் தசை மெல்ல மெல்லப் பலவீனமடைந்த சில நோயாளிகளுக்கு, உடம்பு தன் தசையைத் தானே தாக்கும் அழற்சி நோய் என்று எண்ணி ஸ்டெரொயிட் கொடுத்தார்கள். அந்த நோய்க்கு அதுவே சரியான மருந்து. இவர்களுக்கோ பலவீனம் கூடியது. பயொப்சியைக் கூர்ந்து பார்த்தபோது தசைநாருக்குள்ளேயே மிகச் சிறிய புழுக்கள் வாழ்வது தெரிந்தது. அதுவரை அறிவியல் அறியாத இனம். 1990களின் கடைசியில் அதற்கு ஹேகொக்னீமா பெர்பிளெக்ஸம் என்று பெயரிட்டார்கள். பின் சொல்லுக்குக் குழப்பமானது என்று பொருள். அழற்சியை அடக்குகிற மருந்து புழுவுக்கு வசதி செய்து கொடுத்திருந்தது. ஒரே வலிக்கு இரண்டு காரணங்கள். ஒன்றின் மருந்து மற்றதற்கு விருந்து.

*

இதையெல்லாம் நான் படித்தது பரீட்சைக்காக அல்ல. என் சாச்சியின் மகளுக்காக. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

மத்திய கிழக்கில் இரண்டு தடவையாக ஒன்பது வருடங்கள் வீட்டு வேலை செய்துவிட்டு அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அந்தப் பணத்தில்தான் வீடு கூரை கண்டது, மகள் படித்தாள். வந்து இரண்டாம் வருடம் மேல் கையில் சிறு கட்டியொன்று தட்டுப்பட்டது. பயறு அளவு. தொட்டால் தோலுக்கடியில் கொஞ்சம் அசையும். பிறகு தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று. தொடையில் அவ்வப்போது உளைவு. கொழுப்புக் கட்டி என்றே எல்லோரும் நினைத்தார்கள். கட்டி கூடிக்கொண்டு போகவே சத்திரசிகிச்சை கிளினிக்கில் ஒன்றை வெட்டியெடுத்து அனுப்பினார்கள். அவளுடைய குருதித் தட்டை நான்தான் பார்த்தேன். இயோசினோபில் நூற்றுக்கு மூன்று. ஒரு குறையும் இல்லை. கட்டியைப் பரிசோதித்த நோயியல் வைத்தியரின் அறிக்கையோ வேறு விதமாக வந்தது. தெளிந்த நீர் நிறைந்த ஒரு சிறு பை, அதற்குள் கொக்கிகளும் உறிஞ்சிகளும் கொண்ட ஒரு குடம்பித் தலை. சிஸ்டிசேகொசிஸ். தொடையை எக்ஸ்ரே எடுத்தபோது தசைநார் ஓடுகிற திசையிலேயே அரிசி மணிகளைத் தூவியதுபோல் வெள்ளைக் கோடுகள். செத்துச் சுண்ணாம்பாகிப்போன பழைய குடம்பிகள். இப்படியான சுண்ணாம்பு படிவதற்கு வருடக்கணக்கு எடுக்கும்.

எங்கள் நாட்டில் இது அரிதான நோய். அதன் பெயர் கிளினிக் வாசலைத் தாண்டி எப்படி வெளியே போனதென்று எனக்குத் தெரியாது. போய்விட்டது. யாரோ ஒரு பொடியன் போனில் தேடிப் பார்த்திருக்கிறான். "பன்றி நாடாப்புழு" என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு நாளில் அது சந்தைக்குப் போய், பள்ளிவாசல் ஹவுளடிக்குப் போய், மகளுக்குக் கலியாணம் பேசியிருந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மஃரிபுக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி கதவோரமாக நின்றாள்.

"காக்கா, நான் அங்க பண்டி திண்டனெண்டு செல்றாங்களாம்."

"ஆரு புள்ள?"

"ஆரெண்டு செல்ற? எல்லாரும்தான். ஒம்பது வருஷம் அந்த ஊட்டுல நோம்பு புடிச்சன், தொழுதன். அந்த மனிசரும் முஸ்லிமான ஆக்கள்தானே. எங்க போய் நான் பண்டி திண்ட?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

*

நோயின் பெயரைத் தேடிய பொடியன் இன்னும் நாலு வரி கீழே வாசித்திருந்தால் விடயம் வேறாகியிருக்கும். இந்த நாடாப்புழுவுக்கு இரண்டு பாதை இருக்கிறது. ஊரார் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

குடம்பிப் பைகள் உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் தின்றால், அந்த மனிதனின் குடலில் நாடாப்புழு வளரும். குடலோடு அது நின்றுகொள்ளும். இதனை நிறுவிய விதம் கொடூரமானது. 1855இல் ஜேர்மன் வைத்தியர் குக்கென்மைஸ்டர் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு அவனறியாமல் பன்றிக் குடம்பிகளை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் குடலை அறுத்துப் பார்த்தபோது இளம் நாடாப்புழுக்கள் இருந்தன.

இரண்டாவது பாதை வேறு. குடலில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறும். கை சரியாகக் கழுவப்படாமல், அல்லது அந்த அசுத்தம் சேர்ந்த தண்ணீராலோ பச்சைக் காய்கறியாலோ, கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டை இன்னொருவரின் வாய்க்குள் போகிறது. குடலில் முட்டை உடைந்து, குடம்பி குடற்சுவரைத் துளைத்துக் குருதியில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய்ப் பை கட்டிக்கொள்கிறது. தசையில் கட்டி வருவது இந்த வழியால்தான். குடலில் நாடாப்புழு உள்ளவரே தன் கையால் தன் வாய்க்குள் முட்டையைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அது இல்லாத இடத்தில், தசையில் குடம்பி இருப்பவர் பன்றியைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. பன்றியைத் தின்ற யாரோ ஒருவரிடமிருந்து, அவரும் அறியாமல், அது இவரிடம் வந்திருக்கும்.

முட்டை உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே நீண்ட காலம் கழியலாம். இந்தியாவில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்களில் பலர் சில வருடங்கள் கழித்து வலிப்பு வந்து விழுந்தார்கள். பரம்பரையில் வலிப்பு இல்லாதவர்கள். அவர்களின் தோலுக்கடியில் இருந்த சிறு கட்டிகளும், தொடைத் தசை எக்ஸ்ரேயில் தெரிந்த அரிசி மணிகளும்தான் மூளைக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுத்தன. 1961இல் டிக்ஸனும் லிப்ஸ்கொம்பும் இப்படியான 450 நோயாளிகளைத் தொகுத்து எழுதினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சியம் நியூயோர்க்கிலிருந்து வந்தது. அந்த நகரில் மார்க்கப் பற்றுமிக்க யூத சமூகமொன்று வாழ்கிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் பன்றி விலக்கப்பட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த நான்கு பேருக்கு வலிப்பு வந்து, மூளையில் இந்தக் குடம்பி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவரும் வாழ்நாளில் பன்றி தின்றதில்லை. விசாரித்துக்கொண்டு போனபோது, அந்த வீடுகளில் இந்த நோய் வழமையாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பணிப்பெண்கள் சமைத்தார்கள் என்பது தெரிந்தது. பரிசோதிக்கப்பட்ட பணிப்பெண்களில் ஒருவரிடம் நாடாப்புழு இருந்தது. 1992இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவச் சஞ்சிகையொன்றில் இது வெளிவந்த பிறகு, பன்றி தின்னாதவர்களுக்கு இது வராது என்று எந்த வைத்தியரும் சொல்ல முடியாமற் போனது.

இந்தச் செய்தியை நான் முதலில் வாசித்தபோது என் தங்கச்சிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் முறை வாசித்தபோது அந்தப் பணிப்பெண்ணைப் பற்றி யோசித்தேன். அவளும் ஒரு நோயாளி. வயிற்றில் ஒரு புழு இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. நாடாப்புழு உள்ள பலருக்கு ஒரு அறிகுறியும் இருப்பதில்லை. ஒரு வேளை மருந்தில் தீர்கிற காரியம். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் சமைத்ததைத் தின்றவர்களுக்கு வலிப்பு வந்த பிறகுதான் கேட்டார்கள். டிரெஸ்டன் பண்ணை வீட்டுப் பெண்ணும் இந்தப் பெண்ணும் என் தங்கச்சியும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் எனக்குப் பட்டது. அடுக்களையில் நிற்கிறவர்களின் உடம்பிலிருந்து நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர்களிடம் நேரே கேட்டது மிகவும் குறைவு.

*

அவளைக் கவனித்த வைத்தியர் சிங்களவர், இளம் வயது. ஆறுதலாக இருந்து கேட்டார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டில் எத்தனை பேர், யார் சமைத்தார்கள், வேறு பணியாளர்கள் இருந்தார்களா, ஊரில் கிணறா குழாயா, தலையிடி வந்ததுண்டா, எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா. இந்த ஒழுங்கில் அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தசையில் இருக்கும் குடம்பியால் பெரிய ஆபத்து இல்லை. மூளையிலும் கண்ணிலும் இருந்தால்தான் ஆபத்து. அதைப் பார்க்காமல் புழு மருந்து கொடுத்தால், அங்கே குடம்பிகள் ஒரேயடியாகச் சாகும்போது வீக்கம் ஏற்பட்டு வலிப்போ பார்வையிழப்போ வரலாம். ஆகவே முதலில் கண் பரிசோதனை, தலைக்கு சீ.டி. ஸ்கேன். அல்ஹம்துலில்லாஹ், இரண்டிலும் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பாகிப்போன கட்டிகளுக்கு மருந்து தேவையில்லை என்றும், தலையிடியோ வலிப்போ வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மலப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். அவளுக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்கும். அவளிடம் நாடாப்புழு இருந்தால் அவளுக்கும் வீட்டாருக்கும் மேலும் பரவும் என்பதற்காக. மூன்று நாள் மாதிரிகள். ஒருவரிடமும் இல்லை.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய நானா என்னிடம் வந்தான்.

"காக்கா, இதப் பெரிசாப் போட்டோக் கொப்பி அடிச்சிக் காட்டுவமா? வயித்துல பண்டிப் புழு இல்ல எண்டு இதுல போட்டிருக்கி தானே?"

"காட்டப்படாது தம்பி."

"ஏன்? நம்மட புள்ளட மானம் போவுது."

"இண்டைக்கு இதக் காட்டினா, நாளைக்கு நோய் வாற ஒவ்வொரு பொம்புளையும் மலத்தப் பரிசோதிச்சித் தாளக் காட்டோணும் எண்டாயிரும். அது சரியா?"

அவன் பேசாமல் இருந்தான். அவனுக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பல மாதங்கள் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவுமில்லை.

அந்தத் தாளுக்கு ஆய்வுகூடத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது. இந்தத் தேதியில், இந்த மாதிரிகளில், நாங்கள் தேடிய முட்டை தென்படவில்லை என்பது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. ஒருவரின் ஈமானை அளக்கிற பரிசோதனை எங்களிடம் இல்லை. முட்டை தென்பட்டிருந்தாலும் அவள் என்ன தின்றாள், தெரிந்து தின்றாளா, தெரியாமல் தின்றாளா, அறியாத நாட்டில் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அந்தக் கண்ணாடித் தட்டு சொல்லியிருக்காது. சொல்லியிருந்தாலும் அது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விடயம். பகிரங்கச் சந்தைக்கு உரியதல்ல.

நான் வேறொன்று செய்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எனக்குத் தெரிந்தவர். ஓய்வுபெற்ற அதிபர். அவரைத் தேடிப் போய் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், நாடாப்புழுவின் இரண்டு பாதையையும் தாளில் கீறி விளங்கப்படுத்தினேன். நியூயோர்க் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப நம்மட ஊருல ஹோட்டல்ல திங்கிற ஆருக்கும் வரலாமே?" என்றார். வரலாம் என்றேன். சமைக்கிறவரிடம் புழு இருந்து, அவர் கை கழுவாவிட்டால் வரலாம். அவர் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கலியாணம் நடக்கவில்லை. காரணமாகச் சீதன வீட்டின் அளவைச் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளுக்கு வேறிடத்தில் நல்லபடியாக முடிந்தது.

*

நம் சமூகத்தில் தூய்மையை ஈமானோடு சேர்த்தே சிறு வயதில் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடத்தின் பெரும்பகுதி கையைக் கழுவுவதும் தண்ணீரைப் பேணுவதும்தான். எதைத் தின்னக் கூடாது என்ற பகுதியை மட்டும் நாம் இறுகப் பிடித்துக்கொண்டோம். அதை இறுகப் பிடித்ததில் தவறில்லை. அது நம்மைக் குடல் நாடாப்புழுவிலிருந்தும், ட்ரிக்கினெல்லாவின் முக்கிய பாதையிலிருந்தும் காக்கவும் செய்கிறது. ஆனால் அதனாலேயே நமக்கு இந்த நோய் வராது என்ற எண்ணமும், வந்தவர் எதையோ செய்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பும் சேர்ந்து வந்துவிட்டன. நோய் வந்தவர் வைத்தியரிடம் வாய் திறக்கப் பயந்தால், கதையால் மட்டுமே பிடிபடுகிற நோய்கள் பிடிபடாமற் போகும். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த பெண், தான் எங்கே படுத்தாள், என்ன தின்றாள், யாரோடு இருந்தாள் என்று சொல்லத் தயங்குகிற ஊரில், நுணுக்குக்காட்டி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் குறைவு.

தங்கச்சி இப்போது சுகமாக இருக்கிறாள். கையில் வெட்டிய இடத்தில் ஒரு சிறு தழும்பு. தொடையில் உள்ளவை அப்படியே கல்லாய்க் கிடக்கின்றன. சென்ற பெருநாளுக்கு வந்தபோது, மனைவியோடு அடுக்களையில் கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, ஒண்டு கேக்கட்டா? என்னோட அந்த ஊட்டுல இன்னொரு புள்ளயும் வேல செஞ்ச. வேற நாட்டுப் புள்ள. ஒரே அறயிலதான் ரெண்டு பேரும் படுக்கிற. எனக்குக் காய்ச்சல் வந்தா அவதான் கஞ்சி காச்சித் தருவா. அவட வயித்துலதான் அந்தப் புழு இருந்திரிக்குமோ?"

"செல்லேலா புள்ள. இருந்தும் இருக்கலாம், வேற ஆரும் ஆகவும் இருக்கலாம்."

"நான் அவவக் குத்தம் செல்லல்ல." கொஞ்ச நேரம் கையிலிருந்த வட்டிலப்பத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். "இருந்திருந்தா, அவக்கு ஆரும் மருந்து குடுத்திரிப்பாங்களா காக்கா?"